தீர்ப்புச் சொல்பவருக்கும் அதே லாயத்தில் குதிரை இருந்தால்

பந்தயக் குதிரையில் பங்கு வாங்கலாம் என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2018-ல் எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் போனது. பணத்தைவிட, ஏழு மாதம் ஒரே விஷயத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்ததுதான் என்னை அதிகம் பாதித்தது. கிளப்பின் பெயரையோ ஆட்களின் பெயரையோ நான் சொல்லப்போவதில்லை. தென்னிந்தியாவில் உள்ள ஒரு கிளப், அவ்வளவு போதும்.

நான் ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்பவன். சூதாட்டப் பழக்கம் கிடையாது, பந்தயம் கட்டும் டோட் கவுன்டர் பக்கம் போய் ஒரு டிக்கெட்கூட எடுத்ததில்லை. கல்லூரி நண்பன் ஒருவன் விடியற்காலை ட்ராக் ஒர்க், அதாவது குதிரைகளின் ஓட்டப் பயிற்சி பார்க்க என்னை ஒருநாள் கூட்டிப்போனான். ஐந்தரை மணிக்குப் பனியில் குதிரைகள் மூச்சு விட்டுக்கொண்டு வரும் காட்சியிலேயே நான் விழுந்துவிட்டேன். இரண்டு வயது ஃபில்லி (இளம் பெண் குதிரை) ஒன்று, நாலு பேர் சேர்ந்து வாங்கினோம். என் பங்கு கால் பாகம், 2,50,000 ரூபாய். ட்ரெய்னர் ஃபீஸ், தீனி, லாடம், குதிரையைப் பராமரிக்கும் சைஸின் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் என் கணக்கில் 10,500 ரூபாய் வரும். லாயத்தில் அவளைச் செல்லி என்றுதான் கூப்பிடுவோம்.

இங்கேயே முதல் தப்பைச் செய்தேன். நண்பன் என்பதால் எதையும் எழுதி வாங்கவில்லை. கிளப் பதிவில் உரிமையாளர்களின் பிரதிநிதியாக அவன் பெயர் மட்டும் இருந்தது. அப்பீல் செய்வதென்றாலும், ஒரு கடிதம் போடுவதென்றாலும் அந்தப் பிரதிநிதி கையெழுத்து வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பணத்தில் கால் பங்கு என்னுடையது, பேச்சில் எனக்குப் பங்கே இல்லை. நீங்கள் வாங்கினால், எத்தனை நெருங்கிய நண்பனாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுதுங்கள். பிரதிநிதி ஊரில் இல்லாவிட்டால் யார் கையெழுத்துப் போடலாம், கிளப்போடு தகராறு வந்தால் செலவை யார் ஏற்பது, இந்த இரண்டும் அதில் கண்டிப்பாக இருக்கட்டும்.

2019 பிப்ரவரியில் செல்லிக்கு மூன்றாவது ரேஸ். 1200 மீட்டர், இதுவரை ஜெயிக்காத குதிரைகளுக்கான மெய்டன் ரேஸ். கடைசி 200 மீட்டரில் இரண்டே குதிரைகள்தான் முன்னால் இருந்தன, அதில் ஒன்று அவள். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது, பக்கத்துக் குதிரை அவள் மீது சாய்ந்த மாதிரி இருந்தது. எங்கள் ஜாக்கி ஒரு கணம் எழுந்து நின்றான், பிறகு மறுபடி குனிந்து ஓட்டினான். ஒரு கழுத்து தூரத்தில் இரண்டாவது இடம்.

ஆட்சேபம் தெரிவிப்பதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஜாக்கிகள் எடை பார்த்து முடிந்து, முடிவு உறுதியானதாக அறிவித்துவிட்டால் கதை முடிந்தது. நான் ஓடிப்போய் எங்கள் ஜாக்கியிடம், இடித்தானா இல்லையா என்று கேட்டேன். இடித்தான் என்றான். அப்படியானால் அப்ஜெக்ஷன் போடு என்றேன். சேணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி, "சார், அடுத்த வாரம் அந்த ட்ரெய்னரோட ரெண்டு குதிரை எனக்கு இருக்கு" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்றாடம் சவாரி கிடைத்தால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். கடைசியில் எங்கள் ட்ரெய்னர்தான் போய் ஆட்சேபம் கொடுத்தார். ரேஸில் தகராறு வந்தால் விசாரித்து முடிவு சொல்லும் நடுவர்கள்தான் ஸ்டூவர்டுகள், அவர்கள் அறைக்கு வெளியே நான் காத்திருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தள்ளுபடி. ஜெயித்த குதிரைக்குப் பரிசு 3,80,000, எங்களுக்கு 1,25,000. வித்தியாசத்தில் என் பங்கு 63,750 ரூபாய்தான். ஆனால் ஒரு ஃபில்லிக்கு வெற்றி என்பது பரிசுப் பணத்தோடு முடிவதில்லை. ஒரு ரேஸாவது ஜெயித்த பெண் குதிரைக்குப் பின்னால் இனவிருத்திப் பண்ணையில் கிடைக்கும் விலை வேறு, ஜெயிக்காததற்குக் கிடைப்பது வேறு.

அன்று சாயங்காலம் லாயத்துக்குப் போனேன். அவளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் வேளச்சேரிக்காரர், இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர். உட்கார்ந்தபடியே என் கையைப் பிடித்து அவளுடைய முன் இடது காலில் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் வைத்தார். "சூடு தெரியுதா அண்ணா? காலையில இது இல்ல" என்றார். பொங்கின இட்லியைத் தொட்ட மாதிரி மெத்தென்று, சூடாக இருந்தது. தசைநார் அடிபட்டிருந்தது. மூன்று நாள் கழித்து ஸ்கேன் எடுத்தோம். அந்த மூன்று நாள் பின்னால் எங்களுக்கு எதிராகவே திரும்பியது. அடி ரேஸில்தான் பட்டது என்பதற்கு என்ன ஆதாரம், இடையில் லாயத்தில் பட்டிருக்கலாமே என்று கேட்டார்கள். ரேஸ் முடிந்த அன்றே, கிளப் மருத்துவர் தவிர இன்னொரு கால்நடை மருத்துவரை வைத்துப் பார்த்து, நேரம் போட்டு எழுதி வாங்கிவிடுங்கள். போனில் எடுத்த படம் என்னிடம் இருந்தது. அதற்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது.

அப்பீல் போடலாம் என்றார் எங்கள் ட்ரெய்னர். நண்பன் ஊரில் இல்லை, அவன் கையெழுத்துக்கே இரண்டு நாள் போனது. மற்ற மூன்று பேருக்கும் இதில் ஈடுபாடு இல்லாததால் டெபாசிட் 20,000 ரூபாயை நானே கட்டினேன். வீடியோ கேட்டு எழுதிக் கொடுத்தேன், மூன்று வாரம் கழித்துத்தான் காட்டினார்கள். ஜனங்கள் டிவியில் பார்ப்பது பக்கவாட்டுக் காமிரா. அதில் குதிரைகள் ஒன்றையொன்று ஒட்டி ஓடுவதுதான் தெரியும், ஒன்று எவ்வளவு தூரம் விலகி வந்தது என்பது தெரியாது. எதிரிலிருந்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. அந்த ஜாக்கி வலது கையில் சாட்டையைப் பிடித்து அடிக்க அடிக்க, குதிரை இடது பக்கம் விலகிக்கொண்டே வருகிறது. மூன்று குதிரை அகலம் விலகியிருக்கும். செல்லியின் தோளில் பட்டதும் அவள் தலை மேலே போகிறது. எங்கள் ஜாக்கி இரண்டு தாவல் நேரம் ஓட்டுவதையே நிறுத்தியிருக்கிறான். கழுத்து தூரத்தில் தோற்ற குதிரைக்கு அந்த இரண்டு தாவல் போதாதா?

இதைப் பார்த்தும் எப்படித் தள்ளுபடி செய்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பழைய ரேஸ் புக்குகளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ஒவ்வொரு குதிரைக்கும் நேராக ட்ரெய்னர் பெயர், உரிமையாளர்கள் பெயர், ஜாக்கி போடும் சட்டையின் நிறம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். சாதாரணமாக அந்த உரிமையாளர் பெயர்களை யாரும் படிப்பதில்லை. நாலு மாதப் புத்தகத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். அன்று விசாரித்த ஸ்டூவர்டுகளில் ஒருவரின் மனைவி பெயர், அந்த ஜெயித்த ட்ரெய்னரின் லாயத்தில் இருந்த வேறு ஒரு குதிரைக்குக் கீழே பங்குதாரராக வந்தது. ஒரு தடவை இல்லை, ஐந்து ரேஸில். அவர் காசு வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. ஆனால் மாதாமாதம் தன் வீட்டுக் குதிரையை யாரிடம் ஒப்படைத்து வளர்க்கிறாரோ, அதே ட்ரெய்னர் சம்பந்தப்பட்ட வழக்கில் அவர் உட்கார்ந்திருக்கவே கூடாது. விசாரணை ஆரம்பிக்கும்போதே, எனக்கு இதில் சம்பந்தம் உண்டு என்று சொல்லி எழுந்து போயிருக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று, அமைப்பு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். நம் நாட்டில் குதிரைப் பந்தயத்துக்கு என்று தேசிய அளவில் சட்டபூர்வமான ஒழுங்குமுறை ஆணையம் கிடையாது. மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூர், ஹைதராபாத் என்று பெரிய கிளப்புகளே விதி எழுதி, ரேஸ் நடத்தி, உரிமம் கொடுத்து, தண்டனையும் கொடுக்கின்றன. பெட்டிங் பணத்தில் கமிஷன் எடுப்பதும் அவைதான். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பவர்கள் கிளப் உறுப்பினர்கள், அவர்களில் பலர் குதிரை வைத்திருப்பவர்கள். ஸ்டூவர்டுகளும் அந்த வட்டத்திலிருந்தே வருகிறார்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஸ்டைப்பண்டரி ஸ்டூவர்டுகள் உண்டு, ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே குழுதான். மாநில அரசு ரேஸ் நடத்த லைசென்ஸ் கொடுக்கும். பெட் தொகை முழுவதற்கும் 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம். வரி வாங்க இத்தனை கவனமாக இருக்கும் அரசு, உள்ளே நியாயம் நடக்கிறதா என்று பார்க்க ஒரு ஆளைப் போடவில்லை. 1974-ல் தமிழ்நாடு அரசு பந்தயத்தைத் தடை செய்து சட்டம் போட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம், இது அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிய சூதாட்டம் இல்லை, குதிரையின் திறனும் ஜாக்கியின் திறனும் சேர்ந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொல்லி பந்தயத்தைக் காப்பாற்றியது. திறமைதான் அடிப்படை என்று சொல்லி உயிர் பிழைத்த விளையாட்டுக்கு, நடுவரின் நேர்மையைவிட முக்கியமானது வேறு என்ன இருக்க முடியும்?

சரி, அப்பீலுக்கு வருகிறேன். மூன்று பேர் கொண்ட குழு. முதல் நாள் அறைக்குள் போனதுமே அதில் ஒருவரை அடையாளம் கண்டுகொண்டேன். அவரும் ஜெயித்த குதிரையின் உரிமையாளரும் சேர்ந்து முன்பு ஒரு குதிரை வைத்திருந்தார்கள், அதையும் ரேஸ் புக்கில் பார்த்திருந்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. பெரிய மனிதர்கள், வயதானவர்கள், முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது என்ற கூச்சம். முதலில் கேட்கட்டும், நம் பக்கம் நியாயம் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று விசாரணை எங்களுக்கு எதிராகப் போவது தெரிந்த பிறகு, இரண்டாவது நாள் எழுத்தில் கொடுத்தேன். குழுத் தலைவர் கேட்ட முதல் கேள்வி, "முதல் நாளே ஏன் சொல்லலை?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை.

இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது மறக்காதீர்கள். பிறகு நான் பார்த்த வழக்கறிஞர், 1957-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன மாணக் லால் வழக்கை எடுத்துக் காட்டினார். ஒரு வழக்கறிஞர் மீதான ஒழுங்கு நடவடிக்கை அது. விசாரித்த குழுவின் தலைவர், முன்பு ஒரு சமயம் எதிர்த்தரப்புக்காக ஆஜரானவர். அவர் உட்கார்ந்தது தவறு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் மாணக் லால் தோற்றார். ஆரம்பத்திலேயே ஆட்சேபிக்காமல் விசாரணையில் கலந்துகொண்டதால் அந்த உரிமையை அவரே விட்டுக்கொடுத்துவிட்டார் என்றது தீர்ப்பு. அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அறுபது வருடத்துக்கு முன்பு எழுதி வைத்திருக்கிறார்கள், நான் அதையே செய்துவிட்டு வந்திருக்கிறேன். சரியான நேரத்தில் ஆட்சேபித்திருந்தால் நம் சட்டம் பலமாகவே நம் பக்கம் நிற்கிறது. 1969-ல் கிரைபாக் வழக்கில், வனத்துறைத் தேர்வுக் குழுவில் ஒரு வேட்பாளரே உறுப்பினராக உட்கார்ந்தார். தன் பெயர் வந்தபோது மட்டும் விலகிக்கொண்டார். அதுவே போதாது என்று தேர்வையே ரத்து செய்தது உச்ச நீதிமன்றம்.

விசாரணைக்கும் தீர்ப்புக்கும் இடையில் கிளப் தலைவர் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார். வராந்தாவில் மூங்கில் நாற்காலி போட்டு, தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "வீடியோவை நானும் பார்த்தேன். உங்க பக்கம் நியாயம் இருக்கு" என்றார். அப்படியானால் அந்த ஸ்டூவர்டும் அப்பீல் குழுவில் இருந்த அவரும் இல்லாமல் புதிதாக விசாரிக்கச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூணு மாசத்துல எலெக்ஷன். இங்க எல்லாருக்கும் எல்லாரும் வேண்டப்பட்டவங்க. இதைக் கிளறினா நாளைக்கு யாருமே ஸ்டூவர்டா உட்கார வர மாட்டாங்க" என்றார். நான் அந்தத் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அந்த ஸ்டூவர்டின் மீது இருந்ததைவிட இவர் மீதுதான் எனக்கு ஆத்திரம் அதிகம், இன்றும். தவறு தெரிந்தவர், நிறுத்தும் இடத்தில் இருந்தவர். யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவர்களிடமே ஓட்டுக் கேட்டு நிற்பதால், நாற்காலியில் இருந்தும் இல்லாதவராகிவிட்டார்.

ஏழாவது மாதம் தீர்ப்பு வந்தது. நாலு வரி. அப்பீல் தள்ளுபடி, டெபாசிட் பறிமுதல். காரணம் எதுவும் இல்லை. நான் கொடுத்த ஆட்சேபக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கோர்ட்டுக்குப் போகலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். கிளப் தனியார் அமைப்பு என்பதால் ரிட் மனு (பெரும்பாலும் அரசு அமைப்புகளுக்கு எதிராகப் போடுவது) நிற்குமா என்பதிலேயே வாதம் ஆரம்பிக்கும், வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். விட்டுவிட்டேன். கணக்கு இதுதான்: பங்கு 2,50,000, பத்தொன்பது மாதச் செலவு 1,99,500, வைத்தியம் 12,000, டெபாசிட் 20,000, வக்கீல் 45,000, ஈரோட்டிலிருந்து போய்வந்ததும் தங்கியதும் 36,000. இரண்டாம் பரிசில் கழிவெல்லாம் போக வந்த 25,000-ஐக் கழித்தால் 5,37,500 ரூபாய். அந்த ஏழு மாதம் கடையை என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். தீபாவளிச் சரக்கு எடுக்கும் நேரத்தில் நான் ரேஸ் புக்கில் பென்சில் கோடு போட்டுக்கொண்டிருந்ததை அவள் இன்னும் சொல்லிக்காட்டியதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1750 வாக்கில் ஆரம்பித்த ஜாக்கி கிளப் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இதே மாதிரிதான் எல்லாமாக இருந்தது. 1993-ல் நிர்வாகம் அதன் கையிலிருந்து போக ஆரம்பித்தது, 2007-ல் எல்லாப் பொறுப்பும் பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையம் என்ற தனி அமைப்பிடம் சேர்ந்தது. அப்படிப் பிரித்த பிறகும் 2016-ல் சறுக்கினார்கள். குதிரைகளை ஜெயிக்கவிடாமல் ஓட்டச் சொன்னதாக ஒரு ட்ரெய்னருக்கு நான்கு வருடத் தடை விதித்த குழுவின் தலைவர், அதே ஆணையத்துக்கு வேறு சட்ட வேலை செய்து பணம் வாங்கியவர் என்பது வெளியே வந்தது. அந்தத் தீர்ப்பு ரத்தானது. வேறு குழு புதிதாக விசாரித்து, குற்றம் உண்மைதான் என்றது, ஆனால் தடையை ஆறு மாதமாகக் குறைத்தது. அமெரிக்காவில் 2020-ல் போட்ட சட்டப்படி அமைந்த ஆணையத்தின் ஒன்பது பேர் குழுவில் ஐந்து பேர் குதிரைத் தொழிலுக்கு வெளியே இருந்துதான் வர வேண்டும். நம்மால் அந்த அளவுக்கு உடனே போக முடியாவிட்டாலும், ஸ்டூவர்டுகள் தங்களுக்கும் குடும்பத்துக்கும் எந்த லாயத்தில் என்ன பங்கு என்று ஒரு பதிவேட்டில் எழுதி, அதை ரேஸ் புக்கின் கடைசிப் பக்கத்தில் அச்சடிக்கலாம். ஒரு பக்கம் காகிதம்தான் செலவு. இதை அந்தக் கிளப்புக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை.

செல்லி அதற்குப் பிறகு ஓடவில்லை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு ரைடிங் ஸ்கூலில் விட்டிருக்கிறோம். சவாரி பழகும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறாள். இடது காலில் அடிபட்ட இடத்தில் ஒரு முடிச்சு இன்னும் தடவினால் தெரியும்.

போன வருடம் ஒருவர், அவருடைய குதிரைக்கு இதே மாதிரி விசாரணை வந்திருக்கிறது என்று போன் செய்தார். அவருக்கு நான் எழுதிக் கொடுத்ததை இங்கேயும் போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். "விசாரிக்கவிருக்கும் உறுப்பினர்களின் பெயர்களை முன்கூட்டியே தெரிவிக்கவும். அவர்களுக்கோ குடும்பத்தினருக்கோ இந்த வழக்கின் எந்தத் தரப்பின் குதிரையிலும், அதே ட்ரெய்னரிடம் உள்ள வேறு குதிரையிலும் தற்போதோ கடந்த மூன்று ஆண்டுகளிலோ பங்கு இருந்தால் அதை எழுத்தில் தெரிவித்து விலகிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை விசாரணைக் குறிப்பில் பதிவு செய்து, முடிவைக் காரணங்களோடு தரவும்." இதைப் பிரதிநிதி கையெழுத்தோடு முதல் அமர்வுக்கு முன்பே கொடுக்க வேண்டும். ஒரு பிரதியைக் கிளப் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, தேதியோடு சீல் போட்டு வாங்குங்கள். இன்னொன்றை ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, ரசீதை உடனே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், அந்த எழுத்து நாளடைவில் மங்கிவிடும்.